அம்மோனைட்டின் வெளிவிளிம்பையும் படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கத்து ஓடையில் மாணவர்கள் பொறுக்கிய சுருள் கல் ஒன்றைப் போன வாரம் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு போட்டு, "கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய நத்தை" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்துக் கல்லுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அது நத்தை இல்லை, அம்மோனைட், அதாவது பழங்காலக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஓர் உயிரின் புதைபடிவம். அது கூடப் பரவாயில்லை, பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு உறுத்தியது வேறு. கல்லைப் பக்கவாட்டில் இருந்து மட்டும் படம் எடுத்திருக்கிறார்கள். எந்த அம்மோனைட் என்று கண்டுபிடிக்க உதவும் பகுதி பெரும்பாலும் அந்தப் படத்தில் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது, அதாவது சுருளின் வெளிவிளிம்பில். அந்த விளிம்பை நம் பக்கம் திருப்பி இன்னொரு படம் எடுத்திருந்தால், உங்கள் செய்தியைப் பார்த்தே அந்தக் கல்லின் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நத்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நத்தையின் ஓட்டுக்குள் தடுப்புச் சுவர் இருக்காது, உள்ளே ஒரே வெளி. அம்மோனைட் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்து, கடைசி அறையில் மட்டும் உயிர் வாழும், மற்ற அறைகளை மிதப்பதற்கு வைத்துக்கொள்ளும். அந்தத் தடுப்புச் சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடுகிற கோட்டைத்தான் சூச்சர் என்கிறார்கள். ஓடு உதிர்ந்த கல்லில் அது இலை விளிம்பு மாதிரி நெளிந்து நெளிந்து தெரியும். (கடையில் பளபளப்பாகத் தேய்த்து விற்கிற மடகாஸ்கர் அம்மோனைட்டில் இந்த நெளிவைப் பார்த்து, உள்ளே இலை பதிந்திருக்கிறது என்று நம்புபவர்கள் நிறைய.) அம்மோனைட்டுக்கு உறவான நாட்டிலஸ் வகைகளும் நம் அரியலூர், பெரம்பலூர் பாறைகளில் கிடைக்கின்றன, அவற்றிலும் அறைகள் உண்டு. ஆனால் அவற்றின் சூச்சர் எளிமையான வளைவாகப் போகும், அறைகளை இணைக்கிற குழாய் சுவரின் நடுப்பகுதியை ஒட்டிப் போகும். அம்மோனைட்டில் அந்தக் குழாய் வெளிவிளிம்பை ஒட்டியே ஓடும். விளிம்பு தேய்ந்த கல்லில் சில சமயம் மெல்லிய கம்பி மாதிரி அது வெளியே தெரியும். இங்கேயும் பாருங்கள், விளிம்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, அம்மோனைட் என்று தெரிந்துவிட்டது. இனி எந்த இனம்? இதற்குத் துறைக்காரர்கள் வரிசையாகச் சில விஷயங்களைக் கவனிப்பார்கள். சுருள் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது முதலாவது. வடக்கயிற்றைத் தரையில் சுருட்டி வைத்தது போல உள்சுருள் எல்லாம் வெளியே தெரிகிறதா, அல்லது கடைசிச் சுருள் முன்னதையெல்லாம் மூடிக்கொண்டு நடுவில் ஒரு சின்னக் குழி மட்டும் மிச்சம் இருக்கிறதா? அந்த நடுக்குழியைத் தொப்புள் என்றே வைத்துக்கொள்வோம். தொப்புளின் அகலத்தை மொத்த விட்டத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும், ஆய்வுக் கட்டுரைகளில் ஒவ்வொரு மாதிரிக்கும் அதைக் கட்டாயம் கொடுப்பார்கள். அப்புறம் சுருளின் குறுக்குவெட்டு: வட்டமா, சதுரமா, உயரமாக ஒடுங்கியதா, அகலமாகப் பருத்ததா? உடைந்த துண்டு கிடைத்தால் ஐயோ உடைந்துவிட்டதே என்று தூக்கிப் போடாதீர்கள், குறுக்குவெட்டை அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

அடுத்தது அலங்காரம். பக்கவாட்டில் வரி வரியாக எழும்பி நிற்கும் ரிப், அவை நேராகப் போகின்றனவா வளைகின்றனவா, இரண்டாகப் பிரிகின்றனவா, நெட்டையும் குட்டையும் மாறி மாறி வருகின்றனவா, ரிப்பின் மேல் குமிழ் இருக்கிறதா, இருந்தால் எத்தனை வரிசை, எந்த உயரத்தில். அதற்கும் மேலே, இந்த ரிப்கள் வெளிவிளிம்புக்கு வந்ததும் என்ன ஆகின்றன? தாண்டிப் போகின்றனவா, நின்றுவிடுகின்றனவா, நடுவில் வரப்பு மாதிரி ஒன்று தொடர்ந்து ஓடுகிறதா, அல்லது அந்த இடத்தில் தனியாக ஒரு குமிழ் வரிசை இருக்கிறதா?

நம் ஊர்க் கல்லையே எடுத்துக்கொள்வோம். ஊட்டத்தூர் தொகுதி என்று அழைக்கப்படும் பாறைகள் காரை, ஓதியம், குன்னம் பக்கமெல்லாம் வெளியே தெரிகின்றன. இவற்றில் கிடைக்கும் மார்டோனிசெராஸ், மாண்டெல்லிசெராஸ், அகாந்தோசெராஸ் மூன்றையும் பக்கவாட்டில் மட்டும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் தடித்த ரிப், மூன்றிலும் குமிழ், தேய்ந்த கல்லாக இருந்தால் பழகிய கண்ணே தடுமாறும். இப்போது விளிம்பைத் திருப்புங்கள். மார்டோனிசெராஸில் விளிம்பின் நடுவே வரப்பு தொடர்ச்சியாக ஓடும். மாண்டெல்லிசெராஸில் வரப்பும் இல்லை, நடுக்குமிழும் இல்லை, இரு ஓரத்திலும் குமிழ்கள் மட்டும், நடுப்பகுதி தட்டை. அகாந்தோசெராஸில் ஓரக் குமிழ்களோடு சரியாக நடுக்கோட்டிலும் ஒரு குமிழ் வரிசை இருக்கும், குறிப்பாக வளரும் பருவத்தில். நடுவில் வரப்பு, நடுவில் வெறுமை, நடுவில் குமிழ், இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இதற்குள் காலம் அடங்கியிருக்கிறது. மார்டோனிசெராஸ் ஆல்பியன் காலத்தின் பிற்பகுதி, அதாவது சுமார் 10 கோடி ஆண்டுக்குச் சற்று முன்பு. மாண்டெல்லிசெராஸ் அடுத்து வந்த செனோமேனியனின் தொடக்கம். அகாந்தோசெராஸ் அதன் நடுப்பகுதி. ஒரே ஓடைக்கரையில் கீழிருந்து மேலே ஏறும்போது விளிம்பு மாறுவதை வைத்தே நீங்கள் எந்தக் காலத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஜெர்மனியில் ஆல்பர்ட் ஓப்பல் 1856 முதல் 1858 வரை ஜுராசிக் பாறைகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்தபோது பெரும்பாலும் அம்மோனைட்களைத்தான் நம்பினார், இன்றைக்கும் அந்த முறைதான். ஒவ்வொரு மண்டலமும் ஒரு காலத் துண்டு, அவற்றில் பல 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவானவை. டைனோசர் எலும்பு கிடைத்தால் ஊரே திரளும், ஆனால் இவ்வளவு நுணுக்கமாகக் காலம் சொல்வதற்கு எலும்பைவிட இந்தச் சுருள் கல்தான் உதவும். ஊரார் இதைச் சாதாரணக் கல் என்று ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டைனோசர் என்றதும் 2020 அக்டோபர் நினைவுக்கு வருகிறது. குன்னம் பக்கம் உருண்டை உருண்டையான கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று கைபேசியில் பரவி, கூட்டம் கூடியது. பிறகு புவியியல் தெரிந்தவர்கள் பார்த்து, அவை முட்டை இல்லை, அம்மோனைட் சார்ந்த படிவுகள் என்று விளக்கினார்கள். முட்டை இல்லை என்று தெரிந்ததும் செய்தியும் நின்றுவிட்டது. உள்ளே எந்த இனம் என்று கேட்டு யாரும் ஒரு வரி எழுதவில்லை என்பதுதான் என் குறை.

சுருண்டிருந்தால்தான் அம்மோனைட் என்றும் நினைக்க வேண்டாம். ஊட்டத்தூர் தொகுதியிலேயே டர்ரிலைட்டிஸ் கிடைக்கும், கோபுரம் போல முறுக்கி மேலே ஏறும் ஓடு, அதைக் கையில் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நத்தை என்றுதான் சொல்வார்கள். உடைந்த இடத்தில் அறைச்சுவரும் நெளிந்த சூச்சரும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அம்மோனைட். இந்தப் பேரினத்துக்குள் இனங்களைப் பிரிப்பது முழுக்க அலங்காரத்தை வைத்துத்தான். டர்ரிலைட்டிஸ் ஷாய்க்செரியானஸில் குமிழே இல்லாத வெறும் ரிப். காஸ்டேட்டஸில் சுருளின் மேல்பாதியில் ரிப், கீழே குமிழ். அக்யூட்டஸில் ரிப் என்று சொல்ல எதுவும் இல்லாமல் குமிழ் வரிசைகள் மட்டும். வடிவம் மூன்றுக்கும் ஒன்றேதான்.

இதற்கு நேர்மாறாக வழவழப்பான அம்மோனைட்களும் உண்டு. டெஸ்மோசெராஸ், புசோசியா போன்றவற்றில் ரிப்பை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது. சுருளை அங்கங்கே கயிறு கட்டி இறுக்கியது போல ஒரு பள்ளம் வளைந்து போகும், எத்தனை பள்ளம், எப்படி வளைகிறது என்பதுதான் அவற்றுக்கு அடையாளம்.

புதுச்சேரிக்குப் பக்கத்து வழுதாவூர் பாறைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் இங்கே சேகரித்ததை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். நிறைய இனங்களுக்கு நம் தெய்வங்களின் பெயரையே வைத்தார்: இந்திரா, வருணா, சூர்யா, சிவா, பிரம்மா. இந்தப் பெயர்கள் இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. சூடோஃபில்லைட்டிஸ் இந்திரா என்ற இனத்தை ஜப்பானிலும் தென்னாப்பிரிக்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் கண்டு பெயர் எழுதுகிறவர்கள், ஒப்பிடுவதற்கு இந்தப் புதுச்சேரி மாதிரிகளைத்தான் பார்க்க வேண்டும். அதே பாறையில் கிடைத்த ஸ்ஃபீனோடிஸ்கஸ் சிவாவையும் பிரம்மைட்டிஸ் பிரம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு குழந்தைகூடப் பிரித்துவிடும். சிவா தட்டையானது, ஏறக்குறைய வழவழப்பானது, தொப்புள் மிகச் சின்னது, விளிம்பு விரலை வைத்தால் உறுத்துகிற அளவுக்குக் கூர்மை. பிரம்மாவில் உள்சுருள்கள் எல்லாம் திறந்து தெரியும், சாய்ந்த பள்ளங்கள் இருக்கும், விளிம்பு உருண்டை. இரண்டும் ஒரே காலம், அம்மோனைட்கள் மொத்தமாக அழிந்த 6.6 கோடி ஆண்டுக்குக் கொஞ்சம் முன்பு வாழ்ந்தவை. இவற்றோடு யூபாகுலைட்டிஸ் வஜைனா என்று ஒன்று, இதையும் ஃபோர்ப்ஸ்தான் விவரித்தார், சுருளே இல்லாமல் நேராக நீண்ட ஓடு. குழாய்த் துண்டு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பக்கத்தில் குமிழ்களையும் சூச்சரையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஃபோர்ப்ஸுக்குப் பிறகு திருச்சிப் பக்கத்து அம்மோனைட்களைப் பெரிய அளவில் விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்கு வந்து, 1863 முதல் 1866 வரை நம் செஃபலோபாடுகளை (அம்மோனைட், நாட்டிலஸ், கணவாய் எல்லாம் அடங்கிய பெருங்குழு) பற்றிய பெரிய நூலை எழுதியவர். 1874-ல் மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் பயணத்தில் இருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார், வயது நாற்பதுகூட ஆகவில்லை, லே நகரில் அடக்கம். அவர் நூலின் படத்தகடுகளைப் பாருங்கள். கல்லச்சு முறையில் வரைந்த அந்தப் படங்களில் ஒரே அம்மோனைட்டைப் பக்கவாட்டிலும் வெளிவிளிம்பிலும் காட்டி, பல இடங்களில் சூச்சரைத் தனியாக வரைந்தும் வைத்திருக்கிறார்கள். கேமரா கையில் இல்லாத காலத்தில், ஒவ்வொன்றையும் கையால் வரைய வேண்டியிருந்தபோது அவர்கள் செய்ததை, நாம் கைபேசியில் ஒரு நொடியில் செய்யலாம்.

இப்போது கொஞ்சம் சிக்கலான பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்னதைப் படித்துவிட்டு, ரிப் எண்ணிக்கை மாறினால் உடனே புது இனம் என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. பெரிய ஆய்வாளர்களே அப்படிக் கிளம்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் சிட்னி பக்மன் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் சொனினியா என்ற ஜுராசிக் அம்மோனைட்டுக்கு, தடித்த முள்ளோடு இருப்பது ஒன்று, ஒல்லியாய் வழவழப்பாய் இருப்பது ஒன்று, இடைப்பட்டது ஒன்று என்று பெயர் மேல் பெயராகக் கொடுத்துக்கொண்டே போனார். வெஸ்டர்மன் 1966-ல் அவற்றை மொத்தமாக வைத்துப் பார்த்தபோது, அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே இனத்துக்குள் அடங்கிவிட்டன. ஒரு முனையில் பருத்த உடம்பும் திறந்த தொப்புளும் முரட்டு ரிப்பும், மறுமுனையில் ஒடுங்கிய உடம்பும் மூடிய தொப்புளும் மங்கிய ரிப்பும், நடுவில் இடைவெளியே இல்லாமல் எல்லாத் தோற்றமும். ஆனால் அந்தக் கவனிப்பு பக்மனிடமே இருந்தது, உடம்பு பருத்தால் அலங்காரமும் முரடாகும் என்று அவர்தான் கவனித்துச் சொன்னார், அதை இன்றும் பக்மன் விதி என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் ரீசைடும் காபனும் 1960-ல் நியோகாஸ்ட்ரோப்ளைட்டிஸை ஆயிரக்கணக்கில் சேகரித்து இதே போக்கைக் காட்டினார்கள். ஆக, ஒரே அடுக்கில் கிடைத்த பத்து இருபது மாதிரிகளை வரிசையாக அடுக்கிப் பார்க்காமல், ஒற்றைக் கல்லை வைத்து இனம் சொல்வது ஆபத்து.

வயதும் ஏமாற்றும். அம்மோனைட் தன் வாழ்நாள் முழுவதையும் ஓட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது, உள்சுருள் குழந்தைப் பருவம், வெளிச்சுருள் முதுமை. நடுக்குமிழ் இளம் பருவத்தில் இருந்து வளர்ந்ததும் மங்கிவிடுகிற இனங்கள் உண்டு. அப்படியானால் சின்னக் கல்லும் பெரிய கல்லும் வேறு வேறு இனம் என்று தோன்றும், பெரியதின் உள்சுருளைப் பார்க்கும்வரை. ஆண் பெண் வித்தியாசமும் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் மகோவ்ஸ்கியும் கல்லோமனும் தனித்தனியே இதைக் காட்டினார்கள்: ஒரே அடுக்கில், சிறு வயதில் ஒரே மாதிரி வளர்ந்து, முதிர்ந்த பிறகு ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் நிற்கிற ஜோடிகள். ஜுராசிக் காலத்து காஸ்மோசெராஸில் சிறியதின் வாய் ஓரத்தில் காது மாதிரி இரண்டு நீட்சிகள்கூட இருக்கும். இவற்றை முன்பு தனி இனம், தனிப் பேரினம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள்.

நம் மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஓட்டுக்கும் அச்சுக்கும் உள்ள வித்தியாசம் என்பேன். காரைப் பக்கத்தில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஓட்டின் உள்ளே சேறு புகுந்து இறுகிய அச்சு, ஓடு கரைந்து போயிருக்கும். வெளியே உயரமான முள்ளாக இருந்தது, அச்சில் மொட்டையான குமிழாக மட்டும் தெரியலாம், ஏனென்றால் சில இனங்களில் முள்ளின் அடியை விலங்கே உள்ளிருந்து அடைத்துவிடும், சேறு உள்ளே போகாது. அதேபோல, வழவழப்பான ஓட்டில் லேசாகத் தெரிந்த பள்ளம் அச்சில் ஆழமாகத் தெரியும். அதனால் மங்கிய ரிப் என்று எழுதும் முன், நீங்கள் பார்ப்பது ஓடா அச்சா என்று எழுதுங்கள்.

வீட்டில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் வரும் அந்தக் கற்களுக்குள் இருப்பவையும் அம்மோனைட்களே, பெரும்பாலும் ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அங்கே கிடைக்கும் பிளான்ஃபோர்டிசெராஸில் ரிப் இரண்டாகப் பிரிந்து போய், வெளிவிளிம்பின் நடுவில் சட்டென்று நின்று ஒரு வழவழப்பான பட்டை விடும். சக்கரத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வைக்கிறோம், அந்தப் பட்டையை யாரும் பார்ப்பதில்லை.

இனத்தைச் சரியாகச் சொல்வதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்டோலிச்கா நம் திருச்சிப் பாறைகளில் இருந்து விவரித்த காஸ்மாட்டிசெராஸ் தியோபால்டியானம் மடகாஸ்கரிலும் கிடைக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன்புதான் பிரிந்தன என்று புவியியல் சொல்கிறது. இரு கரையிலும் ஒரே காலத்து ஒரே இனம் இருக்கிறதென்று உறுதியாகத் தெரிந்தால்தான் இங்குள்ள அடுக்கையும் அங்குள்ள அடுக்கையும் கோத்துப் படிக்க முடியும். வெறும் "அம்மோனைட் கிடைத்தது" என்று எழுதி வைத்தால் அது கோக்காது.

ஆகவே உங்கள் நிருபர்களுக்கும் இந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கவாட்டில் ஒன்று, வெளிவிளிம்பில் ஒன்று, வாய்ப்பக்கம் ஒன்று என மூன்று படம் எடுங்கள். வெயில் ஒரு பக்கத்தில் இருந்து சாய்வாக விழட்டும், உச்சி வெயிலில் ரிப் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ரூபாய் நாணயமாவது வையுங்கள். எந்த ஊர், ஓடையின் எந்தக் கரை, மண்ணுக்குள் பதிந்திருந்ததா, தண்ணீர் கொண்டுவந்து போட்டதா என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கல்லோடு வையுங்கள். ஆனால் செய்தியில் ஊர்ப்பெயரோடு நிறுத்துங்கள், வழி சொல்லாதீர்கள். வழி தெரிந்தால் மறுவாரமே சாக்கு கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், காரையின் செம்மண் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே பொறுக்கிப் பொறுக்கி நல்ல மாதிரி அரிதாகிவிட்டது. கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் ஒரு செய்தியாகவே எடுத்து எழுத வேண்டும் என்று கேட்கிறேன். ஓர் இனத்தை உறுதி செய்ய, முதலில் அதை விவரித்தவர் கையில் வைத்திருந்த மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஃபோர்ப்ஸ் விவரித்த புதுச்சேரிக் கற்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்டோலிச்கா விவரித்தவை கொல்கத்தாவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில். பெரம்பலூரிலும் அரியலூரிலும் படிக்கிற பிள்ளை, தன் ஊர் அம்மோனைட்டின் மூல மாதிரியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக முடியுமா? மூலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்றைக்கு அவற்றை ஸ்கேன் செய்து, ரிப்பும் குமிழும் விளிம்பும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி அச்சு அசலாக நகல் எடுத்துவிடலாம். அரியலூர் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒரு மேசை போட்டு, முக்கியமான இனங்களின் நகல்களை வைத்து, வருகிற பிள்ளைகள் தங்கள் கல்லைப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க அனுமதித்தால் போதும். மாவட்ட நிர்வாகத்திடமும் இரண்டு நிறுவனங்களிடமும் இதைப் பற்றி உங்கள் நிருபர் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
பெரம்பலூர் வாசகர் ஒருவர்